தொலைந்த ஸ்போர்ட்ஸ் கார் சாவிக்குப் புதுச் சாவி செய்வது எப்படி?

சட்டைப் பை, பேன்ட் பை, கைப்பை, மறுபடியும் சட்டைப் பை. ஒரே பையை நான்காவது முறை துழாவும்போதே உள்ளுக்குள் தெரிந்துவிடும், சாவி போய்விட்டது என்று. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் செலவை இரட்டிப்பாக்குகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. தொலைந்த அன்று மாலையே சாவி செய்பவர் ஒருவரை அழைத்து வந்து, பூட்டைப் பார்த்து ஒரு சாவி வெட்டச் சொன்னேன். சுத்தமாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. இரண்டே நொடியில் அணைந்துவிட்டது. மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் உறுமி அணைந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று எனக்கு அன்று தெரிந்திருந்தால் ஒரு முழு வாரம் மிச்சமாகியிருக்கும். இந்தக் கட்டுரை அந்த வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்துவதற்காக.

1. மிச்சம் எத்தனை சாவி என்று எண்ணுங்கள்

வண்டியோடு வந்த சாவிகளையெல்லாம் மேசைமேல் வையுங்கள். ஒன்றாவது இருந்தால் வேலை சிறியது. ஒன்றுமே இல்லையென்றால் வேலையின் பெயரே வேறு. சாவித் தொழிலில் இருப்பவர்கள் 'சாவி சேர்ப்பது', 'எல்லாச் சாவியும் தொலைந்தது' என்று இவற்றைத் தனித்தனி வேலைகளாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். கூலியும் வேறு, நேரமும் வேறு.

காரணம் எளிது. வண்டி ஏற்கெனவே அறிந்த சாவி ஒன்று இருந்தால், அதன் சாட்சியில் புதியதைச் சேர்க்கலாம். பல ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங்குகளில் இதை வீட்டிலேயே செய்ய முடியும். வேலை செய்யும் இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் திருப்பி எடுத்துவிட்டு, உடனே புதிய சிப் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி அதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். இப்படி 8 சாவிகள் வரை சேர்க்கலாம். ஆனால் இரண்டு சாவி வேண்டும். கையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த வழி மூடிவிடும், கருவி கொண்டு வருபவரைத்தான் தேட வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு சாவி மிச்சமிருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே புதியதைச் செய்துகொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் செலவு, பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போகும் செலவைவிட எப்போதும் குறைவு.

பழைய இத்தாலிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபெராரி 360 மொடேனா, அதே காலத்து ஃபியட், ஆல்ஃபா ரோமியோ போன்றவற்றில் சிவப்புச் சாவி ஒன்று தனியாக வரும். அது தினசரி ஓட்டுவதற்கானது இல்லை. புதிய சாவிகளை வண்டிக்கு அறிமுகப்படுத்தும் தாய்ச்சாவி அது. கறுப்புச் சாவி தொலைந்து சிவப்பு பத்திரமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

2. உங்கள் சாவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நவீன கார்ச் சாவிக்குள் மூன்று சாவிகள் குடியிருக்கின்றன. பூட்டுக்குள் போகும் உலோகத் தண்டு ஒன்று. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் இரண்டு. எஞ்சினை ஓட அனுமதிக்கும் சிப் மூன்று. நான் வெட்டி வாங்கியது முதலாவதை மட்டும். அதனால்தான் கதவு திறந்தது, எஞ்சின் தொடர்ந்து ஓடவில்லை.

அந்தச் சிப் ஓர் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது; சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒளிந்திருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துளையைச் சுற்றிச் செம்புக் கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பும்போது வளையம் குறைந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அந்தப் புலத்திலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு சிப் விழித்து எழும். தொடக்க காலச் சிப்புகள் மாறாத ஓர் எண்ணைச் சொன்னால் போதும். பிற்காலத்தில் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வி கேட்கிறது. சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறது. பதில் தவறினால் எரிபொருளோ தீப்பொறியோ நிறுத்தப்படும். இந்தக் காவல் ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். சிமிட்டிய விளக்கு அதனுடையது.

இந்த எண்ணமே ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் தொடங்கிப் பரவியது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1986 மாடல் கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் சாவித் தண்டிலேயே ஒரு சிறிய மின்தடையைப் பதித்தது. மொத்தம் 15 மதிப்புகள். சரியான மதிப்புள்ள சாவி வந்தால்தான் வண்டி கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இம்மொபிலைசர் கட்டாயமானது.

இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். இம்மொபிலைசர் வருவதற்கு முந்தைய பழைய வண்டி என்றால் வெட்டிய தண்டே போதும். சாவி போட்டுத் திருப்பும் பிந்தைய வண்டி என்றால் தண்டும் சிப்பும் வேண்டும். பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி என்றால் ரிமோட்டே சாவி. அதன் வயிற்றுக்குள் ஓர் அவசரத் தண்டும் செருகப்பட்டிருக்கும்.

3. காகிதங்களை எடுத்து வையுங்கள்

பதிவுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, காப்பீட்டுப் பத்திரம். இவற்றைக் கேட்காமல் சாவி செய்து தர யாராவது முன்வந்தால் அவரை விட்டு விலகுங்கள். நாளை உங்கள் வண்டிக்கே வேறொருவருக்கும் அவர் அப்படித்தான் செய்து தருவார்.

சேஸி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 17 எழுத்துகளும் எண்களும் கலந்தது. ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் அதில் வராது. எனவே வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம். உள்ளே போக முடியாவிட்டாலும் பல வண்டிகளில் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் ஓரத்தில் அதைப் படித்துவிடலாம். புதிதாக வாங்கியபோது சாவியோடு ஒரு சிறு உலோகத் தகடோ அட்டையோ கொடுத்திருப்பார்கள். அதில் பொறித்திருப்பது சாவி எண், அதாவது தண்டை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதற்கான குறியீடு. அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சாவி திருடுபோயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சில பத்திரங்களில் சாவி இழப்பும் அடங்கும். வேலையை முடித்துவிட்டுப் பில்லோடு போனால் மறுக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்பது நல்லது.

4. வண்டியை இழுத்துச் செல்வதற்கு முன் யோசியுங்கள்

முடிந்தவரை வண்டி நிற்கும் இடத்துக்கே ஆளை வரவழையுங்கள். ஸ்டீயரிங் பூட்டியிருக்கும், கியர் விழுந்திருக்கும், மின்சாரக் கைப்பிரேக் பிடித்திருக்கும். அடிப்பாகம் தரையை ஒட்டியிருக்கும் இந்த வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்தால் முன் பம்பரின் கீழுதடு முதலில் போகும். திருகி மாட்டும் இழுவைக் கொக்கியோ பூட்டிய டிக்கிக்குள் கிடக்கும். எடுத்துச் சென்றே ஆக வேண்டும் என்றால் தட்டையான மேடை உள்ள லாரி, சக்கரத்தின் கீழ் வைக்கும் உருளைப் பலகைகள், இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.

கண்ணாடியை உடைக்க வேண்டாம். கதவைச் சட்டமில்லாமல் கண்ணாடி மட்டுமே மூடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பல. இடுக்கில் ஆப்பு அடித்தால் கண்ணாடியின் சீர் போய், பிறகு மழைநீர் கசியும். நல்ல பூட்டு வல்லுநர் லிஷி என்ற மெல்லிய கருவியைக் கதவுப் பூட்டுக்குள் விட்டு, உள்ளே உள்ள தகடுகளின் உயரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். பூட்டும் திறக்கும், சாவியின் வெட்டுக் கணக்கும் கிடைத்துவிடும்.

கதவில் துளையே இல்லாத வண்டிகளும் உண்டு. 2005இல் வந்த ஆறாம் தலைமுறைக் கார்வெட்டில் கதவு மின்சாரத்தால் திறப்பது. சாவித்துளை பின்புறம், டிக்கிப் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே உள்ள கயிற்றை இழுத்தால் ஓட்டுநர் கதவு விடுபடும். 997 வகை போர்ஷே 911இல் பேட்டரி முன்பக்கப் பெட்டிக்குள் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் அந்தப் பெட்டியின் மூடியும் திறக்காது. கதவைத் தண்டால் திறந்து, கால் வைக்கும் இடத்தருகே உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒரு நேர்முனையை வெளியே இழுத்து, அதற்கு வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும். உங்கள் வண்டிக்கும் இப்படி ஒரு வழி இருக்கும். அது உரிமையாளர் கையேட்டில் எழுதியிருக்கும்.

5. யாரிடம் போவது?

பிஎம்டபிள்யூ எம்3 போன்றவற்றுக்கு நான் டீலரையே சொல்வேன். 1990களின் நடுப்பகுதி முதல் இந்த வண்டிகளில் 10 சாவிகளுக்கான இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேஸி எண்ணைக் கொடுத்தால் வெட்டிய, சிப் எழுதிய சாவியே நிறுவனத்திலிருந்து வந்துவிடும். ரிமோட்டை மட்டும் வண்டியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மற்றபடி, உங்கள் வண்டி வகையில் பழகிய தனிப் பூட்டு வல்லுநர் பெரும்பாலும் விரைவாகவும் சிக்கனமாகவும் முடித்துத் தருவார். தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு, இந்த மாடலுக்கு முன்பு செய்திருக்கிறீர்களா? தண்டு, சிப், ரிமோட் மூன்றும் சேர்ந்த விலையா? வேலை முடியாவிட்டால் கூலி உண்டா? தயங்காமல் பதில் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் பழைய ரிமோட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஒரு வண்டியில் பதிந்த சிப், பல நிறுவனங்களில் இன்னொரு வண்டிக்குப் பதியாதபடி பூட்டிக்கொள்ளும். புதியதை வாங்கினாலும் அலைவரிசை பொருந்த வேண்டும். வட அமெரிக்க, ஜப்பானிய ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியவை 433. தவறானதை வாங்கினால் வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், கதவு மட்டும் அசையாது.

6. வெட்டுவது

போர்ஷே, ஆடி போன்ற வண்டிகளின் தண்டில் விளிம்பில் பல் இருக்காது. தடித்த பட்டையின் முகத்தில் நெளிநெளியாக ஒரு வாய்க்கால் ஓடும். சாதாரணச் சாவி இயந்திரத்தால் இதை வெட்ட முடியாது. கணினி வழி அரைக்கும் இயந்திரம் வேண்டும். மிச்சமிருக்கும் சாவியைப் பார்த்து நகல் எடுக்காமல், சாவி எண்ணைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். 15 ஆண்டுகள் பூட்டில் உரசிய சாவியின் வாய்க்கால் மழுங்கியிருக்கும். நகலெடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். எண்ணைக் கொண்டு வெட்டினால் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அளவு கிடைக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

7. சிப்பைப் பதிவது

பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில் உள்ள ஓபிடி இணைப்பில், அதாவது வண்டியின் கணினியோடு பேசுவதற்கான துளையில், கருவியைச் செருகி இதைச் செய்வார்கள். தொடங்கும் முன் நீங்கள் கவனிக்க வேண்டியது பேட்டரி. ஸ்போர்ட்ஸ் கார்கள் வாரக்கணக்கில் நிற்பவை. பேட்டரி பாதி உயிரில்தான் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் கட்டுப்பாட்டுக் கணினியே பழுதாகலாம். அப்போது சாவிப் பிரச்சினை கணினிப் பிரச்சினையாகிவிடும். நிலையான மின்சாரம் தரும் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சில வண்டிகள் பின் (PIN) எண் என்ற ரகசிய எண்ணைக் கேட்கும். சில, பாதுகாப்புக்காகப் பத்து நிமிடம் அல்லது அதற்கும் மேல் சும்மா காத்திருக்க வைக்கும். திரை அசையாமல் நிற்பதைப் பார்த்து யாரும் இணைப்பைப் பிடுங்கிவிடக் கூடாது.

8. தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழியுங்கள்

பலர் விட்டுவிடும் வேலை இது. புதிய சாவி பதிந்துவிட்டது என்பதால் பழையது செத்துவிடாது. எங்கோ ஒரு இருக்கையின் அடியில் கிடக்கும் அந்தச் சாவி இன்னும் உங்கள் வண்டியைக் கிளப்பும். எத்தனை சாவிகள் நினைவில் உள்ளன என்பதைப் பல கருவிகள் திரையில் காட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் அந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். கையில் இருப்பது இரண்டு என்றால் திரையிலும் இரண்டுதான் இருக்க வேண்டும். அழிக்கும்போது மிச்சச் சாவிகளும் சேர்ந்து அழிந்து மறுபடி பதிய வேண்டிவரும் என்பதால் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

ஆனால் தண்டை யாராலும் அழிக்க முடியாது. எஞ்சின் கிளம்பாவிட்டாலும் பழைய சாவி கதவைத் திறக்கும். திருடுபோனது என்று உறுதியாகத் தெரிந்தால், அல்லது உங்கள் முகவரியோடு சேர்ந்து போயிருந்தால், பூட்டின் உள்தகடுகளை மாற்றிவிடுவதே சரி.

9. ஆளை அனுப்புவதற்கு முன் சோதியுங்கள்

ஓட்டுநர் கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சோதனையின்போது கதவு பூட்டிக்கொண்டால் கை விட்டுத் திறக்கலாம். ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். தண்டால் கதவையும் டிக்கியையும் கைப்பெட்டியையும் திறந்து பாருங்கள். எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடமாவது ஓட விடுங்கள், பிறகு அணைத்து மறுபடி கிளப்புங்கள். பட்டன் வகை என்றால் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் இடத்தில், பல வண்டிகளில் அது ஸ்டார்ட் பட்டனேதான், ரிமோட்டை ஒட்டி வைத்துக் கிளப்பிப் பாருங்கள். சிப் சரியாகப் பதிந்திருந்தால் பேட்டரி இல்லாமலே வண்டி கிளம்பும்.

எல்லாம் சரியென்றால் சாவி எண்ணையும் பின் எண்ணையும் அவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். வண்டியின் கைப்பெட்டியில் வேண்டாம்.