மேற்கோளைப் படமாக்கிப் பகிர்வது எப்படி?

படித்ததில் பிடித்த ஒரு வரியைப் படமாக்கி வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ பகிர, இன்று விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. கேன்வா, அடோபி எக்ஸ்பிரஸ் போன்ற இணையக் கருவிகளில் ஓர் இலவசக் கணக்கு இருந்தால் போதும். ஆனால் அவற்றில் உள்ள டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டவை. தமிழ் வரிகளை அப்படியே அவற்றில் ஒட்டினால் அழகு குறைவதோடு, சில வேளைகளில் எழுத்தே சிதைந்துவிடுகிறது. ஆகவே, தமிழுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவற்றையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

கருவியைத் திறப்பதற்கு முன், அந்த வரி சரியானதுதானா, அதைச் சொன்னவர் அவர்தானா என்று பார்த்துவிடுங்கள். யாரோ எழுதிய வாசகத்துக்குக் கீழே பாரதியாரின் பெயரையோ அப்துல் கலாமின் பெயரையோ போட்டுப் பரப்புவது, அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. பழைய இலக்கிய வரிகளை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும், சென்னை கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால், அண்மைக் கால எழுத்தாளர்களின் நூலிலிருந்து நீண்ட பகுதியை எடுப்பதாக இருந்தால் அனுமதி பெற்றுக்கொள்வதே முறை.

அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சதுரப் பதிவுக்கு 1080 × 1080 பிக்சல், ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920 பிக்சல் பொருந்தும். செய்து முடித்த படத்தை வேறு அளவுக்குத் தானாக மாற்றித் தரும் வசதி கேன்வாவில் கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. ஸ்டேட்டஸில் மேலே பெயரும் கீழே பதில் எழுதும் பட்டையும் வந்து மறைக்கும் என்பதால், அந்த இரண்டு இடங்களிலும் எழுத்து வேண்டாம்.

எழுத்துருவைப் பொறுத்தவரை நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரன், மீரா இனிமை ஆகியவை யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், அமைந்த நல்ல எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினால், பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றும். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத் தலைப்புகளில் எடுப்பாகத் தெரியும் அந்த உத்தி, தமிழில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியே பிரித்து நிறுத்திவிடக்கூடும். மாறாக, வரி இடைவெளியைத் தாராளமாக, 1.4 அல்லது 1.5 என்ற அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யை இடிக்கும்.

வரியை உடைக்கும் பொறுப்பைக் கருவியிடம் விட்டுவிடாதீர்கள். நம் பேருந்துகளில் எழுதியிருக்கும் குறள்களைப் பாருங்கள்: முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் என்றுதான் நமக்குக் கண் பழகியிருக்கிறது.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

இதைக் குறுகிய பெட்டியில் ஒட்டினால் ‘கற்றபின்’ மட்டும் தனி வரியாகக் கீழே இறங்கிவிடும். அப்போது பெட்டியை அகலமாக்குங்கள் அல்லது எழுத்தின் அளவைக் குறையுங்கள், அடியை உடைக்காதீர்கள். ‘அதற்குத்’ என்பதில் உள்ள ஒற்று தட்டச்சில் விடுபட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உரைநடை மேற்கோளாக இருந்தால், வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை முறிக்கலாம்.

பின்னணிக்கு ஒரே நிறமே சிறந்தது. மெரினாவின் சூரிய உதயப் படம்தான் வேண்டுமென்றால், எழுத்துக்குப் பின்னால் அரைகுறையாக ஒளி ஊடுருவும் கரும்பட்டை ஒன்றை வைத்து, எழுத்தை வெள்ளையாக்குங்கள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு நண்பகல் வெயிலில் நின்று பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதியது அங்கே கண்ணுக்கே தெரியாது.

முடிந்ததும் பிஎன்ஜி வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பு தெளிவாக இருக்கும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கிவிடுவதால், எச்டி தரத்திலோ ஆவணமாகவோ அனுப்புவது நல்லது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோரின் திரைவாசிப்பான்கள் எப்போதும் சரியாகப் படிப்பதில்லை என்பதால், அதே மேற்கோளையும் ஆசிரியர் பெயரையும் படத்துடன் எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள்.