கன்டெய்னருக்குள் பெய்யும் மழை: உலர் உணவைக் கப்பலில் அனுப்புகிறவர்களுக்கு

கப்பலில் உணவுப்பொருள் அனுப்பணும், என்னென்ன செய்யணும் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் கடல் தண்ணீர்மேல்தான் பயம். இத்தனை வருஷத்தில் கடல் தண்ணீர் என் சரக்கைத் தொட்டதே இல்லை. என் கையைச் சுட்டது கன்டெய்னருக்கு உள்ளேயே பெய்த மழை.

முதல் லோடு பிஸ்கட். இருபதடி கன்டெய்னர், 38 நாள் பயணம். வாங்கினவர் கதவைத் திறந்ததும் படம் அனுப்பினார். மேல் அடுக்குப் பெட்டிகள் மட்டும் தொய்ந்துபோய், ஓரமெல்லாம் பழுப்புக் கறை. அதற்குக் கீழே இருந்த அடுக்கு சுக்காகக் காய்ந்து கிடக்கிறது. கூரையில் ஓட்டையும் இல்லை. பிறகுதான் புரிந்தது: பகல் வெயிலில் உள்ளே இருந்த ஈரமெல்லாம் காற்றில் ஏறியிருக்கிறது. ராத்திரி கூரைத் தகடு குளிர்ந்ததும், அந்த ஈரம் தகட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நேராகப் பெட்டிமேல் சொட்டியிருக்கிறது. ஈரம் வந்தது, விலை குறைவு என்று நான் வாங்கிப்போட்ட நன்றாகக் காயாத பச்சை மரப் பல்லட்டிலிருந்து (பெட்டிகளை அடுக்கும் அடிப்பலகை).

அதனால் எனக்கு வேலை ஆரம்பிப்பதே பல்லட்டில்தான். வெளிநாடு போகும் மரத்தோடு பூச்சி நாடு தாண்டாமலிருக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேறி, 30 நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர் படம் போட்ட முத்திரையும் ‘எச்டி’ (சூடேற்றியது) எழுத்தும் இருக்கும். இதில்தான் நான் ஏமாந்தேன். அந்த முத்திரை பூச்சி செத்ததற்குச் சாட்சி, மரம் காய்ந்ததற்கு அல்ல. இப்போதெல்லாம் ஈரமானியால் குத்திப் பார்த்து, 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ப்ளைவுட் பல்லட்டுக்கு முத்திரையே தேவையில்லை. கட்டுப்படியானால் அதையே வாங்குங்கள்.

அடுத்து பெட்டி. அட்டை ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் தாங்கும் பலம் இறங்கிக்கொண்டே வரும். கடையில் வைக்கும்போது நிமிர்ந்து நிற்கும் பெட்டி, நாலைந்து வாரக் கடல் பயணத்தில் உட்கார்ந்துவிடும். ஐந்து பிளை (ஐந்து தாள் அடுக்கு) அட்டைக்குக் குறைந்து போகாதீர்கள். அடுக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி வைத்தால் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நாலு மூலையில்தான் இருக்கிறது. மூலைமேல் மூலை உட்கார நேர்வரிசையாக அடுக்கி, மேலே ஒரு அட்டைத் தகடு வைத்து, ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றுங்கள். பல்லட் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம்கூடப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சூடாக இருக்கும் பொருளை அவசரத்தில் பேக் செய்யவும் வேண்டாம்.

கன்டெய்னர் வந்ததும் டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்று கதவைச் சாத்தச் சொல்வேன். (ஆள் உள்ளே இருப்பதை வெளியே இன்னொருத்தருக்கும் சொல்லிவையுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.) அந்த இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கன்டெய்னர் வேண்டாம். வெளிச்சம் பார்க்கும்போதே மூச்சை இழுத்துப் பாருங்கள். ரசாயன நாற்றமோ, மீன் வாடையோ, பெயின்ட் வாசனையோ இருந்தால் மாவும் பிஸ்கட்டும் அதை அப்படியே குடித்துக்கொள்ளும். தரைப்பலகை இடுக்குகளில் டார்ச் அடியுங்கள். பழைய தானியம் சிந்திக் கிடந்தால் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டின் புழு ஒளிந்திருக்கலாம். தீனி இல்லாமலே நெடுநாள் உயிரோடு கிடக்கும் பிறவி அது. பல நாடுகளில் அது ஒன்று கண்ணில் பட்டாலே சரக்கு முழுவதும் மாட்டிக்கொள்ளும்.

ஏற்றி முடித்ததும் மேலே கிராஃப்ட் காகிதம் விரித்து, பக்கச் சுவர்க் கொக்கிகளில் கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சிப் பைகளை மாட்டுகிறேன். சிறு பாக்கெட்டுகளில் வரும் சிலிக்கா ஜெல் இந்த வேலைக்குப் போதாது. சாக்லேட் பூசிய பொருள் இருந்தால் இந்தச் சாதாரண கன்டெய்னர் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும்போது உள்ளே 50 டிகிரியைத் தாண்டும்.

இருபதடியின் கொள்ளளவு 33 கன மீட்டர் என்பார்கள். பல்லட்டில் ஏற்றினால் அவ்வளவும் கைக்கு வராது. முழு கன்டெய்னருக்குச் சரக்கு இல்லையென்றால் எல்சிஎல்தான் வழி, அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பகிர்ந்துகொள்வது. கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எனக்கு அதில் மனசு ஒப்புவதில்லை. பக்கத்தில் யாருடைய டயர், யாருடைய சோப்பு ஏறும் என்று நம்மால் சொல்ல முடியாது. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பாலித்தீன் உறை போடுங்கள்.

காகித வேலை அலுப்பானது, ஆனால் துறைமுகத்தில் சரக்கு நிற்பது பெரும்பாலும் அதனால்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கணும். 2016 ஜூலை 1 முதல் விஜிஎம், அதாவது சரக்கேறிய கன்டெய்னரின் சரிபார்த்த எடை, கொடுக்காமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். பொருளின் வகையைச் சொல்லும் சுங்க எண்ணான எச்எஸ் கோடில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. மீதியை வாங்குகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். பொருளில் பால், முட்டை, இறைச்சி துளி இருந்தாலும் இறக்குமதி செய்யும் நாட்டில் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லேபிளும் போகிற நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட்டாக வேண்டும். சரக்கு கரை சேருமுன் அங்கே முன்னறிவிப்பும் கொடுக்கணும். லேபிளை அச்சடிப்பதற்கு முன்னாலேயே வாங்குகிறவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் அனுப்பவே கூடாது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கிய பிறகு, கப்பலின் சொந்தக்காரர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் மீட்ட செலவை சரக்குக்காரர்களும் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். இன்ஷூரன்ஸ் எடுக்காதவர் சேதமே ஆகாத தன் சரக்குக்கும் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டிவரும். சரக்கு விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பில் 110 சதவீதத்துக்கு, அதிகப் பாதுகாப்பு தரும் ‘ஏ’ வகை பாலிசி எடுங்கள். ஆனால் பேக்கிங் சரியில்லாமல் வந்த சேதத்துக்கு ‘ஏ’ பாலிசியும் பணம் தராது. என் பச்சை மரப் பல்லட் அந்த வரியில்தான் மாட்டியது. ஒரு காசு வரவில்லை. அன்றிலிருந்து பல்லட்டின் ஈர அளவு, காகித விரிப்பு, தொங்கும் பைகள், சீல் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கிறேன்.

வாங்குகிறவருக்கும் வேலை இருக்கிறது. சீலை வெட்டுமுன் படம், கதவு திறந்ததும் படம். நனைந்திருந்தால் எதையும் இறக்காமல் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரைக் கூப்பிடணும். வெளியே தெரியாத சேதமென்றால் கப்பல் நிறுவனத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கணும். கூடவே, உறிஞ்சிப் பைகளை இறக்கி எடை போட்டுச் சொல்லச் சொல்கிறேன். போன லோடில் ஒன்றரைக் கிலோவாகப் போன பை மூன்று கிலோவைத் தாண்டியிருந்தது. அடுத்த லோடுக்கு இரண்டு பை கூடுதலாக மாட்டியிருக்கிறேன்.