கமா போடணுமா, வேண்டாமா? ஹூ, விச், தட் குழப்பத்துக்கு ஒரு வழி

"நன்றாகப் படித்த மாணவர்கள் தேறிவிட்டார்கள்." இதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம், இரண்டுக்கும் பொருள் வேறு. 'த ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஸ்டடீட் வெல் பாஸ்டு' என்று கமா இல்லாமல் எழுதினால் படித்தவர்களை மட்டும் பிரித்துச் சொல்கிறீர்கள், மற்றவர்கள் தேறவில்லை போலிருக்கிறது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஸ்டூடன்ட்ஸ்' பக்கத்தில் ஒரு கமா, 'வெல்' பக்கத்தில் ஒரு கமா போட்டுப் பாருங்கள்: எல்லாருமே படித்தார்கள், எல்லாருமே தேறினார்கள். முதலாவது டிஃபைனிங், அதாவது யார், எது என்று பிரித்துக் காட்டுவது; இரண்டாவது நான்-டிஃபைனிங், அதாவது கூடுதல் தகவல் மட்டும் தருவது.

நமக்கு இது சறுக்குவதற்குக் காரணம் தமிழின் பெயரெச்சம். 'படித்த மாணவர்கள்' என்பது இரண்டு பொருளுக்கும் பொது, எது என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், அதனால் கமாவைத் தேடும் பழக்கமே நமக்கு இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரெச்சத்தைப் பிய்த்துத் தனி வாக்கியமாக வையுங்கள். "என் அம்மா நாளை வருகிறார். அவர் டாக்டர்." யார் வருகிறார் என்பதில் சந்தேகமே இல்லை, டாக்டர் என்பது கூடுதல் தகவல், ஆகவே கமா: 'மை மதர், ஹூ இஸ் எ டாக்டர், இஸ் கமிங் டுமாரோ'. ஆனால் "அந்தப் பெண் வந்திருக்கிறாள்" என்று மட்டும் சொன்னால் எந்தப் பெண் என்று உடனே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக வருவது டிஃபைனிங், கமா கூடாது: 'த உமன் யூ மெட் எஸ்டர்டே இஸ் ஹியர்'. இங்கே 'ஹூ' இல்லாததைக் கவனித்தீர்களா? டிஃபைனிங்கில் அது செயப்படுபொருளாக வந்தால் விட்டுவிடலாம், கமா போட்ட இடத்தில் விட முடியாது.

'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் லண்டன்' என்று கமா இல்லாமல் எழுதினால் உங்களுக்கு வேறு சகோதரர்களும் உண்டு என்று அர்த்தம். ஒரே சகோதரன் என்றால் கமா வேண்டும். லண்டன் மாதிரி ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'விச்' வந்தாலும் பெரும்பாலும் கமாதான், பெயரே அடையாளம் காட்டிவிடுகிறதே.

கமாவுக்குப் பிறகு 'தட்' போடாதீர்கள், ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்'. அப்புறம், 'ஹி கேம் லேட், விச் அனாய்ட் எவ்ரிஒன்' என்பதில் 'விச்' ஒரு பெயரைச் சுட்டவில்லை, தாமதமாக வந்த செயலையே சுட்டுகிறது, அங்கே கமா கட்டாயம்.

நான் திருத்திய கட்டுரைகளில் அதிகம் பார்த்த தவறு, முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது. கூடுதல் தகவல் வாக்கியத்தின் நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா வேண்டும்.