ஸ்பிளெண்டருக்கு நாமே ஆயில் மாற்றலாம்

முதலில் ஆயில். டப்பாவில் 10டபிள்யூ-30 (10W-30, ஆயிலின் இளக்கத்தைச் சொல்லும் எண்), ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று இரண்டும் இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும்.

வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். சூடானால்தான் ஆயில் இளகி முழுசாக இறங்கும். நடு ஸ்டாண்டு போட்டு, அடியில் பழைய பேசின் வைத்து, 17-ஆம் நம்பர் ஸ்பேனரால் எஞ்சின் அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசிச் சுற்றில் கையை ஒதுக்கிக்கொள்ளுங்கள், சுடும். ஒழுகல் சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை பொறுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். போல்ட்டைத் துடைத்து, வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போட்டு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். முதல் தடவை ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் பலம் கொடுத்து இறுக்கினேன், மரை போய்விட்டது. அழுத்தமாக உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள், போதும்.

மேனுவலில் உள்ள அளவுக்கு ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, சற்றுப் பொறுத்து அளவுக்குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா செருகிப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டவே கூடாது. அதே டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் சேர்க்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், அடுத்து எப்போது மாற்றுவது என்று தெரிய வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள்.