போர்ட்ஃபோலியோவை ஏஜென்சியில் காட்டிக் கருத்து வாங்குவது எப்படி? ஓர் அல்வா டப்பாவின் கதையோடு

பாளையங்கோட்டையில் டிசைன் படித்துக்கொண்டிருந்தபோது நான் செய்த வேலைகளின் தொகுப்பான என் போர்ட்ஃபோலியோவில் 43 பக்கங்கள் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சிக்குப் போனேன். ஆர்ட் டைரக்டர் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். பாதிப் பக்கங்களை நிற்காமல் தள்ளிக்கொண்டே போனவர், ஓர் அல்வா டப்பாவில் வந்து நின்றார்.

"சூடா அல்வாவை வச்சா நெய் எங்க போகும் தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டரிலேயே செய்து கம்ப்யூட்டரிலேயே முடித்த டப்பா அது. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பயணம் தகும் என்பது பிறகுதான் புரிந்தது. அப்படிப்பட்ட கேள்வி உங்களுக்கும் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கழித்துக்கட்டுங்கள்

எட்டிலிருந்து பத்து வேலைகள் போதும். ஒவ்வொன்றையும் பார்த்து, "இதை ஏன் இப்படிச் செய்தேன்?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராததை எடுத்துவிடுங்கள். பெரிய கம்பெனிகளின் லோகோவை நாமாக மாற்றி வரைந்தவைதான் பெரும்பாலும் முதலில் போகும். அவற்றை யாரும் நம்மிடம் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

பதிலாக, பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். பத்தமடைப் பாய்க்கு ஓர் உறை செய்யலாம். பாயைச் சுருட்டித்தான் விற்பார்கள், ஆகவே உறையை வளைத்துச் சுற்றினால் பெயர் எந்தப் பக்கம் வரும் என்று யோசிக்க வேண்டியிருக்கும். காருக்குறிச்சி மண்பானைக்கு ஒரு சீட்டு என்றால், பானை வாங்கியவர் தண்ணீரில் ஊறவைப்பார், சீட்டை எங்கே கட்டுவது? இப்படி ஒரு சிக்கல் இருக்கும் வேலையில்தான் பார்ப்பவர் நிற்பார். ஊருக்கே போய், செய்கிறவர்களிடம் பேசிவிட்டு வரையுங்கள்.

கல்யாண ஃபிளெக்ஸ் செய்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஒன்றை வையுங்கள். ஐம்பது முகங்களை ஒரே ஃபிளெக்ஸில், எந்த மாமாவும் கோபித்துக்கொள்ளாதபடி அடுக்குவதும் லேஅவுட்தான்.

குழுவாகச் செய்த வேலை என்றால், அதில் உங்கள் கை எது என்று ஒரு வரி எழுதுங்கள். பென்சிலில் கிறுக்கிய முதல் படங்கள் இருந்தால் ஒரு புகைப்படம் சேருங்கள். முடிந்த வேலையை விட அதைத்தான் பலர் உற்றுப் பார்ப்பார்கள்.

ஃபைலைத் தயார் செய்வது

ஒரே பிடிஎஃப், படுக்கை வாக்கில். மெயிலில் எளிதாகப் போகும் அளவுக்குச் சிறியதாக. ஃபைலின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும், 'ஃபைனல் ஃபைனல் 2' வேண்டாம்.

தமிழ் எழுத்துகளைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், எழுத்துகளை வரிகளாக அடுக்கும் அமைப்பை (கம்போசர்) சாதாரணமாக இருப்பதிலேயே விட்டால் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். பேராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் டிசைனர் தமிழையே உடைத்துக் காட்டினால், அடுத்த பக்கத்தைப் புரட்ட மனம் வராது.

நேரம் கேட்பது

ஐந்தாறு வரி மெயில் போதும். இப்படி:

"வணக்கம். பாளையங்கோட்டையில் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. பேக்கேஜிங் வேலைகள் சில செய்திருக்கிறேன், அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று உங்களிடம் கேட்க ஆசை. அடுத்த வாரம் 20 நிமிடம் கிடைக்குமா? வீடியோ காலில் என்றாலும் சரி."

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள்.

எதிரே உட்கார்ந்ததும்

இதுதான் கடினமான இடம். பக்கம் புரளும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் எங்கே வேகமாகப் போகிறார், எங்கே நிற்கிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். வார்த்தையில் வராத கருத்து பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். "இந்தப் பக்கத்தில் உங்கள் கண் முதலில் எங்கே போனது?", "இதில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

சொல்வதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். போனில் ரெக்கார்டு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "இல்ல மேடம், அது வந்து…" என்று ஆரம்பிக்கத் தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன், பத்து நிமிடம் போனது, என் அரை மணி நேரத்தில்!

வீட்டுக்கு வந்தபின்

அன்று ராத்திரியே குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். "இந்தப் பச்சை எனக்குப் பிடிக்கலை" என்பது அவருடைய ரசனை, இன்னொருவரும் சொன்னால் யோசிக்கலாம். "தள்ளி நின்றால் படிக்க முடியலை" என்பது குறை, அதை உடனே திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை எடுத்து முழுதாகச் செய்து, இரண்டு வாரத்துக்குள் முன்பும் பின்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்கே அனுப்புங்கள்.

நான் டப்பாவை எடுத்தேன். டவுனில் தெரிந்த அண்ணாச்சி கடையில் சாயங்காலம் கால் கிலோ அல்வாவைச் சூடாக வாங்கி, அட்டையில் மடித்த என் டப்பாவில் வைத்து மூடினேன். "எல்லாரும் அல்வா கொடுப்பாங்க, நீ டப்பாவுக்கே கொடுக்கியா?" என்று ரூம் நண்பன் கேலி செய்தான். காலையில் பார்த்தால் நெய் பக்கச் சுவரில் ஏறிக் கடையின் பெயரைப் பாதி தின்றிருந்தது. பெயரை மூடிக்கு மாற்றினேன், உள்ளே பட்டர் பேப்பர் வைத்தேன், அடிப்பக்கத்துக்குக் கறை தெரியாத அடர்ந்த பழுப்பு கொடுத்தேன். நெய் பட்ட டப்பாவின் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: "ஒரு கையில் பை இருந்தால் மூடியைத் திறக்க முடியுமா?"

முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு கால் கிலோ வாங்கினேன்.