சிங்கப்பூர்ல முடி வெட்டப் போறீங்களா? இந்தத் தவறுகளைப் பண்ணாதீங்க

ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்க எங்க வீட்டுக்கு ரூம் கேட்டு வந்துட்டே இருப்பாங்க, ஒவ்வொருத்தனும் முதல் மாசமே முடி வெட்டப் போயி நாங்க வந்த புதுசுல அடிச்ச அதே கூத்தை அடிச்சிட்டு வர்றான். விலையைக் கேட்டுட்டு உக்காரு, சில்லறை வச்சுக்கோ, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, உங்களுக்கே தெரியும்.

"மீடியமா வெட்டுங்கண்ணே"

ஊர்க் கடைக்காரருக்கு நம்ம தலை அத்துப்படி, மீடியம்னா போதும். தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, டன்லப் ஸ்திரீட் பக்கம் நம்ம ஆளுங்ககிட்ட வேணா அது ஓடும், நாம குடியிருக்கிற அடுக்குமாடி புளோக் கீழ கடை வச்சிருக்கிற சீன ஆன்ட்டிகிட்ட ஓடாது. நம்பர் சொல்லுங்க. மெஷின்ல மாட்டுற சீப்புல 1ன்னா 3 மில்லிமீட்டர், 2ன்னா 6, 3ன்னா 10, 4ன்னா 13 கிட்ட வரும். "சைடு 3, மேல கத்திரி", முடிஞ்சது. போட்டோ காட்டுறதா இருந்தா நடிகர் போட்டோ வேணாம், உங்க தலையே நல்லா அமைஞ்ச அன்னிக்கு சைடுலயும் பின்னாடியும் எடுத்து வச்சுக்கோங்க, அதைக் காட்டுங்க. க்யூபி ஹவுஸ் மாதிரி 10 நிமிஷக் கடைங்கள்ல இது ரொம்ப முக்கியம், அங்க தலை கழுவுறது கிடையாது, வெட்டின முடியை ட்யூப் வச்சு உறிஞ்சி அனுப்பிருவாங்க, நீங்க வெளக்கம் சொல்லிட்டு இருந்தா பாதி நேரம் அதுலயே போயிரும்.

கேமரா வச்ச கடையில தலையக் குடுக்குறது

இதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.

வெளிய போஸ்டர்ல கட் 10 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலரை இங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம்) போட்டிருக்கும். உள்ள போனா தலை கழுவி, துணி போத்தி, ஈரத்தலையோட உக்கார வச்சதுக்கு அப்புறம் பேனா சைஸ்ல ஒரு கேமராவை எடுத்து மண்டையில வச்சு ஸ்கிரீன்ல காட்டுவாங்க. "யூ சீ, ஆல் பிளாக், லேட்டர் போத்தாக் ஆ", அதாவது எல்லாம் அடைச்சிருக்கு, அப்புறம் வழுக்கைதான், அப்படின்னு ஒரு போடு. எங்க ரூம் தம்பி ஒருத்தன் இப்படித்தான் போயி, ஏற்கனவே வந்ததுல இருந்து முடி கொட்டுது, சிங்கப்பூர் தண்ணி ஒத்துக்கலன்னு பயந்துட்டு இருந்தவன், 10 வெள்ளி கட்டுக்குப் போனவன் 1,200 வெள்ளிக்கு ஸ்கேல்ப் ட்ரீட்மென்ட் பேக்கேஜ்ல கையெழுத்து போட்டுட்டு வந்து நிக்கிறான். அந்த மாசம் ஊருக்கு அனுப்ப வச்சிருந்த காசு. அண்ணே, முதல் தடவை 38 வெள்ளிதான் சொன்னாங்க, அப்புறம் மொத்தமா கட்டினா டிஸ்கவுண்ட்னாங்கன்னு ஒரு விளக்கம் வேற.

அவ்வளவு பெருசாக்கிப் பாத்தா யார் மண்டையிலயும் எண்ணெயும் பொடுகுத் துகளும் தெரியத்தான் செய்யும், அதுவும் இந்த வேர்வையில. ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி உதிர்றது சாதாரணம். காய்ச்சல், தூக்கமின்மை, சாப்பாடு மாறுறது, மன உளைச்சல் இதெல்லாம் நடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டும், பெரும்பாலும் தானாவே நிக்கும். புதுசா நாடு மாறி வந்தவனுக்கு இது எல்லாமே சேந்து நடந்திருக்கும், அவன் தண்ணியைத் திட்டிட்டு இருப்பான். நெத்தி ஏறுது, உச்சி மெலியுதுன்னா அது வேற விஷயம், டாக்டரைப் பாருங்க, மண்டலே ரோட்டுல தேசிய தோல் மருத்துவமனை இருக்கு. மினாக்சிடில் மாதிரி ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச மருந்து இருக்கும்போது மூலிகை ஆவிக்கு எதுக்கு ஆயிரம் வெள்ளி?

கடைக்கு நாமளா போயி உக்காந்து கையெழுத்து போட்ட பேக்கேஜை அஞ்சு நாள்ல தானா கேன்சல் பண்ற உரிமை சட்டத்துல வரல, கடையே அப்படி எழுதிக் குடுத்திருந்தாத்தான் உண்டு. கடை மூடிட்டா முன்பணம் போச்சு. ஏமாத்தி வித்தாங்கன்னு ஆதாரம் இருந்தா பயனீட்டாளர் சங்கம், அதாவது கேஸ், அங்க போகலாம், அங்கயும் முடியலன்னா 20,000 வெள்ளி வரைக்கும் ஸ்மால் கிளைம்ஸ்னு சின்னத் தொகை வழக்குக்கான மன்றம் இருக்கு, ஆனா ஷிஃப்ட்ல வேலை பாக்குறவன் லீவு போட்டு அலையணும். அதனால போத்தின துணியைக் கழட்டி எழுந்து நிக்கிற வரைக்கும் எதுக்கும் ஓகே சொல்லாதீங்க. பர்ஸ்ல கார்டு இல்லன்னு சொல்லுங்க, பொய்தான், பரவாயில்ல. பில்லுல கடைசியா ஜிஎஸ்டி தனியா ஏத்தினாலும் கேளுங்க, சலூன்ல காட்டுற விலையிலயே அது சேந்திருக்கணும், ப்ளஸ் ப்ளஸ், அதாவது சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் மேல ஏத்துறதெல்லாம், சாப்பாட்டுக் கடைக்கும் ஹோட்டலுக்கும்தான்.

கழுத்தை சொடக்கு எடுக்க விடுறது

வேணாம். கழுத்துலதான் மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு.

முடி வெட்ட மட்டும் ஜேபி (மலேசியாவுல ஜொகூர் பாரு) போறது

அங்க போற காஸ்வே பாலத்து ஜாம்ல நிக்கிறப்பவே முடி வளந்துரும்.

கம்மி விலைன்னு ஃபேட் வெட்டுறது

கீழ ஒட்ட எடுத்து மேல போகப் போக முடி கூடுற மாதிரி வெட்டுறதுதான் ஃபேட். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல வளரும், அப்போ ஒட்ட ஷேவ் பண்ணின ஃபேட் ரெண்டே வாரத்துல கலைஞ்சிரும், 12 வெள்ளி கட் மாசம் 24 ஆயிரும். சைடு 3 வச்சா அஞ்சு வாரம் தாராளமா ஓட்டலாம், ஆபீஸ்ல யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா

கட்டுமான வேலை பாக்குற நம்ம அண்ணன் தம்பிங்களுக்கு அது ஒண்ணுதான் லீவு நாள், கடை நிரம்பி வழியும், அவசரத்துல வெட்டி விடுவாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை முடி வெட்டக்கூடாதுன்னு வீட்டுல சொல்லுவாங்கல்ல, உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லன்னா செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்குப் போங்க, சேர் காலியா இருக்கும், அண்ணனும் நிதானமா காது ஓரம் எல்லாம் பாத்துப் பாத்து வெட்டுவாரு.