புகழ்பெற்ற ஆல்பங்களை முதல்முறை கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முதல் மூன்று முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. 1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் அது. ஜாஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் இதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வார்கள். நானும் தொடங்கினேன். எதுவோ இரண்டு சுரம் வருகிறது, நிற்கிறது, மறுபடியும் அதே இரண்டு சுரம். இதில் அப்படி என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

சில மாதம் கழித்து அதையே ஹெட்போனில் கேட்டேன். முதல் பாட்டு ‘சோ வாட்’. அதில் மெட்டை டிரம்பெட்டோ சாக்ஸபோனோ எடுத்துத் தருவதில்லை. பால் சேம்பர்ஸ் வாசிக்கும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக்கருவி எடுக்கிறது. பேஸ் ஒரு வரி கேட்கும். பியானோவும் ஊதுகருவிகளும் இரண்டே அடியில் பதில் சொல்லும். நான் அதுவரை கேட்டதெல்லாம் கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில். அதற்கு பேஸின் அடிச்சுரங்களை எழுப்பும் சக்தி கிடையாது. ஆக மூன்று முறையும் பதில் மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. கேள்வி காதில் விழவே இல்லை.

நான் இசை படித்தவன் இல்லை. ஓய்வு நேரத்தில் கேட்கிறவன். அப்படிக் கேட்பவர்கள் ஒரு பெரிய ஆல்பத்தைப் பற்றி “பிடிக்கவில்லை” என்று சொல்ல முழு உரிமை உண்டு என்று நம்புகிறேன். ஆனால் பிடிக்காமல் போனது அந்த ஆல்பமா, நாம் அதைக் கேட்ட விதமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

கைபேசி ஸ்பீக்கர், ஷஃபிள், பின்னணியில் வேறு வேலை

ஸ்பீக்கர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பேஸ் கேட்கிற சாதாரண ஹெட்போன் போதும். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிக்கும் பேஸ் கிட்டாரை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘த செய்ன்’ பாட்டில் மூன்று நிமிடம் கழிந்ததும் எல்லாம் அடங்கி, ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியாக எழுந்து வரும். அந்த இடம் கேட்காவிட்டால் பாட்டு நடுவில் நின்றுபோனதாகத்தான் நினைப்பீர்கள்.

அடுத்தது, உடைத்துக் கேட்பது. இன்று நமக்குப் பாட்டுகள் தனித்தனியாக வந்து சேர்கின்றன. அதனால் ஆல்பத்தையும் கலைத்துப்போட்டுக் கேட்கிறோம். சில ஆல்பங்கள் அதைத் தாங்கும், சில தாங்காது. பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. நடுவில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு பாட்டும் தலையோ வாலோ வெட்டுப்பட்டது போல வரும்.

அந்த ஆல்பத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அது இசைத்தட்டுக்காகச் செய்யப்பட்டது. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது, இருபத்திரண்டு நிமிடம் அடங்கும். முதல் பக்கம் கிளேர் டோரியின் குரலில் முடிகிறது. பாடலுக்குச் சொற்களே இல்லை, அந்தப் பெண் தொண்டையால் மட்டும் அழுது, கதறி, ஓய்ந்து போகிறார். அங்கே கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பியதும் காசு குலுங்கும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். ‘மனி’ தொடங்குகிறது. செயலியில் கேட்கும்போது அந்த இடைவெளி காணாமல் போகிறது. நான் இப்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கிறேன். பாட்டின் பலமே கூடிவிட்டது போல இருக்கிறது. 1948 முதல் சிடி வரும்வரை வந்த நீண்ட இசைத்தட்டுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டையும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டையும் ஓர் எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள்.

செயலியின் அமைப்புகளில் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் குழைத்துவிடும் வசதி இருக்கும். ஆல்பம் கேட்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்கிறோம்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு பெயரைத் தேடினால் நாலைந்து பதிப்பு வந்து நிற்கும். முதலில் வருவதை அழுத்திவிடுகிறோம். அது பெரும்பாலும் விரிவாக்கிய சிறப்புப் பதிப்பாக இருக்கும். ஒரிஜினல் முடிந்த பிறகும் ஒத்திகைகள், கைவிட்ட வடிவங்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஐந்தே உருப்படிகள். கடைசி உருப்படி ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ அமைதியாக முடியும். சில பதிப்புகளில் அது முடிந்ததுமே அதே உருப்படியின் மாற்று வடிவம் தொடங்கிவிடும். முதல்முறை கேட்பவருக்கு ஆல்பம் எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஒரிஜினலில் எத்தனை பாட்டு என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் நிறுத்துங்கள். மிச்சமெல்லாம் பிடித்துப்போன பிறகு கேட்க வேண்டியவை.

மோனோ, ஸ்டீரியோ விஷயமும் உண்டு. மோனோவில் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும், ஸ்டீரியோவில் இடது, வலது என்று இரண்டு தடங்களில் பிரிந்து வரும். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966-இல் மோனோவில்தான் முடிக்கப்பட்டது. அதைச் செய்த பிரையன் வில்சனுக்கு வலது காது அநேகமாகக் கேட்டதில்லை. அவர் மனத்தில் இருந்த ஒலி ஒரே திசையிலிருந்து வருகிற ஒலிதான். முழுமையான ஸ்டீரியோ வடிவம் வெளிவந்தது 1997-இல். இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ (1967) இன்னும் விசேஷம். மோனோ கலவைக்கு, அதாவது பதிவானவற்றைச் சேர்த்து இறுதி வடிவம் ஆக்கும்போது, அவர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமல் சீக்கிரமாக முடிக்கப்பட்டது. ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் கொஞ்சம் வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் இருக்கும். ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டு, இன்னொருவர் மற்றதைக் கேட்டுவிட்டு வாதாடினால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிடும் ரீமாஸ்டர் பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது முதலில் சொல்லும். 1990-களுக்குப் பிறகு வந்த பல மறுபதிப்புகளில் மெல்லிய இடங்களையும் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். பழியை நாம் ஆல்பத்தின் மேல் போட்டுவிடுவோம்.

அப்புறம், தொகுப்பை ஆல்பம் என்று நினைப்பது. பாப் மார்லியின் ‘லெஜண்ட்’ அவர் மறைந்து மூன்று வருடம் கழித்து, 1984-இல் வந்த தேர்ந்தெடுத்த பாட்டுகளின் கோவை. அருமையான பாட்டுகள். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு மார்லி இவ்வளவுதான் என்று முடிவுகட்டினால், 1973-இன் ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தில் இருக்கிற கோபம் தெரியாமலே போய்விடும்.

ஒரு வகைக்கான அளவுகோலை இன்னொன்றுக்கு வைப்பது

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இது. நாம் பல்லவி, சரணம் என்று பழகிய காது உள்ளவர்கள். எதைக் கேட்டாலும் முணுமுணுக்க ஒரு மெட்டைத் தேடுவோம். அது கிடைக்காவிட்டால் “ஒன்றுமே இல்லை” என்போம்.

ராப் கேட்கும்போது எனக்கு இதுதான் நடந்தது. நாஸின் ‘இல்மேடிக்’ (1994) வந்தபோது அவருக்கு வயது 20. அறிமுகத்தோடு சேர்த்துப் பத்து உருப்படிகள், நாற்பது நிமிடம்கூட இல்லை. மெட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு சொற்கள் எந்த இடத்தில் விழுகின்றன என்பதை மட்டும் கவனித்தேன். டிரம்ஸ் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க, இவர் அதற்குச் சற்று முன்னால் ஓர் அசையை வைக்கிறார், சற்றுப் பின்னால் ஒன்றை வைக்கிறார். வரியின் கடைசியில் இயைபு, வரிக்கு நடுவிலும் ஒன்றுக்கு ஒன்று ஒத்த ஓசை. எதுகை, மோனை, சந்தம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே காதில் ஏறிய நமக்கு இது அந்நியமே இல்லை. பொருள் முழுதும் புரிய எனக்கு நாளாயிற்று. ஆனால் ஓசை அன்றைக்கே பிடிபட்டது.

மேற்கத்தியச் செவ்வியல் இசையிலும் இதே கதைதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ ஒரு பாடல், அதன் முப்பது மாற்று வடிவங்கள், மறுபடி அதே பாடல். முதலில் கேட்ட மெட்டு ஒவ்வொரு வடிவத்திலும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி ஓய்ந்தேன். முப்பதிலும் மாறாமல் வருவது மேலே கேட்கும் மெட்டு இல்லை, அதன் அடியில் நடக்கிற பேஸ் வரிசையும் அதன் போக்கும்தான். இது தெரிந்த அன்றைக்குத்தான் அந்த இசைக்குள் நுழைய முடிந்தது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955-இல் பதிவு செய்தபோது 38 நிமிடம். 1981-இல் மறுபடி பதிவு செய்தபோது 51 நிமிடம். வாசிக்கும்போது அவர் முனகுவதும் கேட்கும். முதலில் அது தொந்தரவாக இருக்கும், பிறகு பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். இன்னொரு விஷயம், இரண்டையும் அவர் பதிவு செய்தது நியூயார்க்கில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றி அமைத்த 30-ஆவது தெரு ஸ்டூடியோவில். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானதும் அங்கேதான்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. அதைச் சினிமாப் பாட்டின் இடையிசை நீண்டுபோனதாக நினைத்துக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றையொன்று துரத்தும் வயலின் வரிகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அடுத்த முறை வேறொன்றைப் பிடியுங்கள்.

“இதைத்தான் எல்லோரும் செய்கிறார்களே”

1970 பிப்ரவரியில் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் மழையிலும் மணியோசையிலும் தொடங்குகிறது. பிறகு கிட்டாரில் மூன்று சுரம். ச, மேல் ச, அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம். அவ்வளவுதான். இன்று கேட்பவருக்கு இது ஆயிரம் தடவை கேட்ட ஹெவி மெட்டலாகத் தெரியும். ஆயிரம் தடவை கேட்டதற்குக் காரணமே இந்த ஆல்பம்தான். கிட்டார் வாசித்த டோனி அயோமி ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கில் நுனி செய்து மாட்டிக்கொண்டு, விரல் வலிக்காதபடி மெல்லிய கம்பிகளைப் போட்டுக்கொண்டார். பழசாகத் தெரிகிற எதையும் கேட்கும்போது, அதே வருடம் வந்த வேறு இரண்டு பாட்டைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். எது புதிது என்று காதே சொல்லிவிடும்.

வாழ்க்கைக் கதையை முதலில் படித்துவிட்டுக் கேட்பதும் எனக்குச் சரியாக வருவதில்லை. ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977) உருவானபோது குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டால் ஒவ்வொரு வரியிலும் யார் யாரைச் சொல்கிறார் என்றே மனம் ஓடும். முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள், மறுபடி கேளுங்கள்.

தரவரிசைக்குப் பயப்படவும் வேண்டாம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பப் பட்டியலில் 2003-இல் முதலிடம் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’. 2020-இல் அது 24-ஆம் இடம், முதலிடத்தில் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. இரண்டு ஆல்பத்திலும் நடுவில் ஒரு சுரமும் மாறவில்லை.

ஒருமுறை கேட்டதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதற்காகப் பிடிக்கும்வரை விடமாட்டேன் என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். சில நாள் இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முடிந்ததும் இரண்டு வரிக் குறிப்பு. எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.

கேப்டன் பீஃப்ஹார்ட்டின் ‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ (1969) ஆல்பத்துக்கு மட்டும் ஐந்து முறை கொடுத்தேன். 28 உருப்படிகள். கிட்டார் ஒரு தாளத்தில், டிரம்ஸ் வேறு தாளத்தில், குரல் இரண்டையும் விட்டு விலகி. நல்ல ஹெட்போன், சரியான வரிசை, முழுக் கவனம் எல்லாம் இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் இசைக்கருவியே இல்லாமல் அவர் தனியாகப் பாடும் ஒரு சின்னப் பாட்டு உண்டு. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் டேப்பை நிறுத்தித் தொடங்கும் ‘கிளிக்’ ஓசை அப்படியே கேட்கும். அடுத்த வரியை யோசித்துக்கொண்டு ஒருவர் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பது தெரியும். அதை மட்டும் இப்போதும் போட்டுக் கேட்கிறேன்.